பிங் போகாத விலேன்: அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழிமுறை

சுவிட்சுகளை விலேன்களாக, அதாவது தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்குகளாகப் பிரித்து, அவற்றுக்கு இடையே பாக்கெட்டுகளைக் கடத்தும் ரவுட்டிங்கும் அமைத்து முடித்த பிறகு "பிங் போகவில்லை" என்று ஒரு புகார் வந்தால், பலரும் கட்டமைப்பை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தவறான வரியும் பார்வைக்குச் சரியான வரியைப் போலவே இருக்கும் என்பதால், அப்படிப் படிப்பதில் நேரம் போகுமே தவிரப் பிழை அகப்படுவது அரிது. பாக்கெட் எதுவரை வந்து சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த இடத்தைத் தொடும் வரிகளை மட்டும் பார்ப்பதுதான் நான் நம்பிப் பின்பற்றும் முறை. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். மாடிக்கு ஒன்றாகக் கணினிகள் செருகப்படும் இரண்டு ஆக்சஸ் சுவிட்சுகள், அவை இரண்டும் இணையும், ரவுட்டிங்கும் செய்யவல்ல ஒரு லேயர் 3 சுவிட்ச், அதற்கு மேலே இணையத்துக்குச் செல்லும் ஒரு ஃபயர்வால். விலேன் 10-க்கு 192.168.10.0, விலேன் 20-க்கு 192.168.20.0, விலேன் 30-க்கு 192.168.30.0, எல்லாவற்றுக்கும் மாஸ்க் 255.255.255.0. ஒவ்வொரு விலேனின் கேட்வேயும் (அதிலிருந்து வெளியே போகும் வாசல்) லேயர் 3 சுவிட்சில் அந்த விலேனுக்கென உள்ள எஸ்விஐ என்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸின் முகவரி. அது 1 என்று முடியும். கட்டளைகள் சிஸ்கோ ஐஓஎஸ் வழக்கத்தைச் சார்ந்தவை. வேறு நிறுவனத்தின் சுவிட்சில் சொற்கள் மாறினாலும் சோதனையின் வரிசை மாறாது.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து அதன் சொந்தக் கேட்வேயைப் பிங் செய்துவிட்டு, லேயர் 3 சுவிட்சில் ‘ஷோ ஐபி ஆர்ப்’ கொடுத்து, எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் (கருவியின் வன்பொருள்) முகவரி என்று காட்டும் ஆர்ப் அட்டவணையில் அந்தக் கணினியின் வரியைத் தேடுங்கள். 192.168.10.25 என்ற முகவரிக்கு நேராக மேக் முகவரி பதிவாகி, வரியின் கடைசியில் ‘விலேன் 10’ என்று இருந்தால், கணினியிலிருந்து கேட்வே வரையான லேயர் 2 (சுவிட்சுகள் வழியான) பாதை திறந்திருக்கிறது. ஆக்சஸ் போர்ட் (கணினி செருகப்படும், ஒரே விலேனைச் சேர்ந்த போர்ட்), ட்ரங்க் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு), டேக் (ஃபிரேம் எனப்படும் லேயர் 2 பாக்கெட்டில் செருகும் விலேன் அடையாளம்) ஆகியவற்றை விட்டுவிட்டு நேராக அறிகுறி 5-க்குச் செல்லலாம். மேக் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்கம்ப்ளீட்’ என்று இருந்தாலோ, வரியே இல்லாவிட்டாலோ ரவுட்டிங் பக்கம் போகவே வேண்டாம், ஏனெனில் அந்தப் பாக்கெட் ரவுட்டிங் நடக்கும் இடத்தை எட்டவே இல்லை. பிங்குக்குப் பதில் வராவிட்டாலும் ஆர்ப் வரி பதிவாகியிருக்கக்கூடும். எனவே பிங்கின் விடையைவிட ஆர்ப் அட்டவணையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அறிகுறி 1: ஒரே சுவிட்சில், ஒரே விலேனில் உள்ள இரண்டு கணினிகளே பேசிக்கொள்ளவில்லை

இது பெரும்பாலும் சிறிய பிழை. ‘ஷோ விலேன் பிரீஃப்’ கொடுத்து, இரு போர்ட்டுகளும் விலேன் 10-இன் வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு போர்ட் எந்த விலேனின் வரிசையிலும் இல்லையென்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அந்தப் போர்ட் ட்ரங்காக மாறியிருக்கும், அல்லது அதற்கு ஒதுக்கப்பட்டிருந்த விலேனை யாரோ நீக்கியிருப்பார்கள். விலேனை நீக்கினால் அதிலிருந்த போர்ட்டுகள் தாமாக விலேன் 1-க்குத் திரும்புவதில்லை. செயலற்றுப் போய்ப் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகின்றன. விலேனை மீண்டும் உருவாக்கினால் அவையும் திரும்பி வரும்.

போர்ட் ‘எர்ர் டிசேபிள்டு’ நிலையில் இருந்தால் போர்ட் செக்யூரிட்டி போன்ற ஒரு பாதுகாப்பு அதை மூடியிருக்கிறது. காரணத்தை நீக்காமல் ‘ஷட்டவுன்’, ‘நோ ஷட்டவுன்’ மட்டும் கொடுத்தால் சற்று நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

இணையப் பக்கம் வழியாகக் கட்டமைக்கும் எளிய சுவிட்சுகளில் இங்கே ஒரு தனிப் பொறி இருக்கிறது. அவற்றில் விலேன் உறுப்பினர் பட்டியல் ஒரு பக்கத்திலும், பிவிஐடி என்ற எண் வேறொரு பக்கத்திலும் இருக்கும். போர்ட்டிலிருந்து வெளியே போகும் ஃபிரேமின் டேக்கை அகற்றுவது உறுப்பினர் பட்டியலின் வேலை. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேம் எந்த விலேனைச் சேர்ந்தது என்று தீர்மானிப்பது பிவிஐடியின் வேலை. போர்ட் 5-ஐ விலேன் 20-இல் ‘அன்டேக்டு’ ஆகச் சேர்த்துவிட்டு, பிவிஐடியை 1-லேயே விட்டுவிட்டால், விலேன் 20-இன் பிராட்காஸ்ட்டுகள் (விலேனில் உள்ள எல்லோருக்கும் அனுப்பப்படுபவை) அந்தக் கணினிக்கு வந்து சேரும். அது அனுப்புவதெல்லாம் விலேன் 1-க்குள் போய்விடும். பாக்கெட் பிடிக்கும் மென்பொருளில் பார்த்தால் சரியான விலேனின் ஆர்ப் கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால், போர்ட் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஒருவழிப் போக்குவரத்தைக் கண்டால் முதலில் பிவிஐடியைப் பாருங்கள்.

அறிகுறி 2: ஒரு சுவிட்சுக்குள் சரியாக இருக்கிறது, அடுத்த சுவிட்சுக்குப் போகவில்லை

விலேன் பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கிறது என்பது என் அனுபவம். எனவே இதில் நிதானமாக நிற்பது நல்லது.

அறிகுறி 3-இல் வரும் நேட்டிவ் விலேனுடையவை தவிர, ட்ரங்கில் செல்லும் ஒவ்வொரு ஃபிரேமிலும் 802.1க்யூ தரத்தின்படி 4 பைட் டேக் ஒன்று செருகப்படுகிறது. அதில் விலேன் எண்ணுக்கு 12 பிட்டுகள் உண்டு. மொத்தம் 4096 எண்கள். அவற்றில் 0-உம் 4095-உம் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரை நமக்குக் கிடைக்கின்றன. ஒரு முனையில் டேக்கோடு புறப்படும் ஃபிரேமை மறுமுனை டேக்கோடு ஏற்க ஆயத்தமாக இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’ கட்டளையின் விடையை இணைப்பின் இரு முனைகளிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு கட்டுவது, தேவையில்லாத இரவு வேலையில் கொண்டுபோய் விடும்.

அந்த விடை நான்கு பகுதிகளாக வரும். உங்கள் விலேன் எண் எந்தப் பகுதியில் காணாமல் போகிறது என்பதைக் கவனித்தால், காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் பகுதியில் போர்ட்டே இல்லையென்றால் ட்ரங்க் உருவாகவில்லை. பல கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் போர்ட்டுகள் தொடக்கத்தில் ‘டைனமிக் ஆட்டோ’ நிலையில் இருக்கும். மறுமுனை கேட்டால் ட்ரங்காகிறேன், நானாகக் கேட்க மாட்டேன் என்பது அந்த நிலையின் பொருள். இரு முனைகளும் அப்படியே காத்திருந்தால் இணைப்பு ஆக்சஸாகவே நின்றுவிடும்; விளக்கு பச்சையாக எரியும், விலேன் 1 மட்டும் போகும். இரு பக்கமும் ‘சுவிட்ச்போர்ட் மோட் ட்ரங்க்’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பழைய சில சுவிட்சுகள் இந்தக் கட்டளையை ஏற்க மறுக்கும். அவை ஐஎஸ்எல் என்ற பழைய முறையையும் அறிந்தவை என்பதால், முதலில் ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ’ என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் பகுதி, ட்ரங்கில் அனுமதிக்கப்பட்ட விலேன்களின் பட்டியல். இங்கே நடக்கும் விபத்து ஒன்றை நானே நேரில் அனுபவித்திருக்கிறேன். ஒரு ட்ரங்கில் 10, 20 இரண்டும் அனுமதிக்கப்பட்டிருந்தன. புதிதாக 30 தேவைப்பட்டது. ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலேன் 30’ என்று எழுதி என்டர் தட்டினேன். அந்தக் கட்டளை பட்டியலில் சேர்ப்பதில்லை. பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதியதை வைக்கிறது. நான் நுழைந்திருந்த வழியே விலேன் 10 வழியாகத்தான் என்பதால், கர்சர் அப்படியே நின்றுவிட்டது. அந்த மாடியின் எல்லா இணைப்பும் அறுந்தது. கன்சோல் கேபிளோடு நேரில் போய் நின்ற பிறகே மீட்க முடிந்தது. ‘அலவ்டு விலேன் ஆட் 30’ என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து தொலைவில் உள்ள சுவிட்சின் ட்ரங்கைத் தொடும் முன் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிடுகிறேன். இணைப்பு அறுந்தால் 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகிச் சேமித்த பழைய கட்டமைப்புக்குத் திரும்பும். அறாவிட்டால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டு, அதன் பிறகு சேமிக்கலாம். இடையில் சேமித்துவிட்டால் இந்தப் பாதுகாப்புக்குப் பொருளே இல்லை.

மூன்றாம் பகுதி, அனுமதிக்கப்பட்டவற்றில் இந்தச் சுவிட்சில் உண்மையில் உருவாக்கப்பட்டுச் செயலில் உள்ள விலேன்கள். இரண்டாம் பகுதியில் இருக்கும் எண் மூன்றாம் பகுதியில் இல்லையென்றால், அந்த விலேன் இந்தச் சுவிட்சில் உருவாக்கப்படவில்லை. நடுவில் நிற்கும் சுவிட்சுகளில்தான் இது அதிகம் நேர்கிறது. அங்கே விலேன் 30-இல் ஒரு போர்ட்கூட இல்லாததால் அதை உருவாக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் தன் தரவுத்தளத்தில் இல்லாத விலேனின் ஃபிரேமைச் சுவிட்ச் கடத்தாது. வழியில் உள்ள எல்லாச் சுவிட்சுகளிலும் அந்த விலேன் இருந்தாக வேண்டும்.

நான்காம் பகுதியில் மட்டும் எண் இல்லையென்றால், பாதை வட்டமாகச் சுற்றாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ அந்த விலேனை இந்தப் போர்ட்டில் அடைத்து வைத்திருக்கிறது, அல்லது சுவிட்சுகளிடையே விலேன் பட்டியலைப் பகிரும் விடிபியின் புரூனிங் வெட்டியிருக்கிறது. ஸ்பானிங் ட்ரீ ஒரு வழியை அடைத்திருப்பது பிழையாக இருக்க வேண்டியதில்லை, இன்னொரு வழி திறந்திருக்கலாம். ‘ஷோ ஸ்பானிங் ட்ரீ விலேன் 30’ கொடுத்து ரூட் பிரிட்ஜ் (ஸ்பானிங் ட்ரீக்கு மையமாகும் சுவிட்ச்) எது என்று பாருங்கள். யாரும் முன்னுரிமையை அமைக்காவிட்டால் எல்லாச் சுவிட்சுக்கும் 32768-உடன் விலேன் எண்ணைக் கூட்டிய மதிப்பே இருக்கும். விலேன் 30 என்றால் 32798. எல்லாம் சமமாக இருக்கும்போது மிகச் சிறிய மேக் முகவரி கொண்ட சுவிட்சே ரூட்டாகும். அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் மிகப் பழைய சுவிட்சாக இருக்கும். லேயர் 3 சுவிட்சையே ரூட்டாக்கி வைப்பது நல்ல பழக்கம்.

வெவ்வேறு நிறுவனச் சுவிட்சுகளை இணைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எச்பி புரோகர்வ் வழிவந்த சுவிட்சுகளில் ‘ட்ரங்க்’ என்ற சொல்லுக்குப் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டும் இணைப்பு என்று பொருள். சிஸ்கோவில் ட்ரங்க் எனப்படுவது அங்கே ‘டேக்டு’ போர்ட். சொல் ஒன்றாக இருப்பதை நம்பி ஒருவர் ட்ரங்க் போடச் சொல்ல, மற்றவர் போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டிவிட்ட நிகழ்வுகள் உண்டு.

அறிகுறி 3: கணினிக்கு வேறு விலேனின் முகவரி வருகிறது

விலேன் 10-இல் இருக்க வேண்டிய கணினிக்கு 192.168.20 என்று தொடங்கும் முகவரி வந்தால், இரண்டு விலேன்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஆக்சஸ் போர்ட் சரியாக இருந்தால் அடுத்து நேட்டிவ் விலேனைப் பாருங்கள். ட்ரங்கில் டேக் இல்லாமல் பயணிக்கும் விலேன் அது. ஒரு முனையில் நேட்டிவ் 10 என்றும் மறுமுனையில் 20 என்றும் இருந்தால், இங்கே 10 என்று புறப்பட்டது அங்கே 20 என்று இறங்கும். இரு பக்கமும் சிஸ்கோ என்றால், அண்டைச் சுவிட்சை அறிந்துகொள்ள உதவும் சிடிபி இதைக் கண்டு பதிவேட்டில் திரும்பத் திரும்ப எச்சரிக்கும். ஸ்பானிங் ட்ரீயும் அந்த விலேன்களை முரண் நிலை என்று குறித்து அந்தப் போர்ட்டில் அடைத்துவிடும். மறுபக்கம் வேறு நிறுவனச் சுவிட்ச் என்றால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இரு விலேன்களும் கலந்துவிடலாம்.

ஒரு பக்கம் விலேன் 10-இன் ஆக்சஸ் போர்ட், மறுபக்கம் விலேன் 20-இன் ஆக்சஸ் போர்ட், நடுவில் யாரோ வசதிக்காகச் செருகிய ஒரு கேபிள் என்றாலும் விளைவு இதுதான். எந்தக் கணினிக்கும் பயன்படாத ஓர் எண்ணை நேட்டிவ் விலேனாக எல்லா ட்ரங்குகளிலும் ஒரே சீராக வைத்துவிட்டால், இந்தக் குழப்பத்தின் பாதியைத் தவிர்க்கலாம்.

அறிகுறி 4: எஸ்விஐக்கு முகவரி கொடுத்தும் ‘டவுன்’ என்றே காட்டுகிறது

‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ கொடுத்தால் விலேன் 30-க்கு நேராக ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்’ என்று இருக்கிறதா, வெறும் ‘டவுன்’ என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். முதலாவதற்கு ‘நோ ஷட்டவுன்’ போதும். இரண்டாவது என்றால் எஸ்விஐ எழுந்து நிற்பதற்கான நிபந்தனை ஒன்று குறைகிறது: விலேன் 30 இந்த லேயர் 3 சுவிட்சின் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும், அந்த விலேனைச் சுமக்கும் போர்ட் ஒன்றாவது, ஆக்சஸோ ட்ரங்கோ, இணைப்போடு இருக்க வேண்டும், அந்தப் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ அந்த விலேனைக் கடத்தும் நிலையில் வைத்திருக்க வேண்டும். ‘இன்டர்ஃபேஸ் விலேன் 30’ என்று எழுதியதாலேயே விலேன் 30 உருவாகிவிடும் என்று நினைத்து ஏமாறுவோர் பலர். ‘விலேன் 30’ என்பதைத் தனியாக எழுத வேண்டும். எல்லா ட்ரங்கிலும் 30 அனுமதிக்கப்படாமல் இருந்தாலும் எஸ்விஐ எழாது. அப்போது அறிகுறி 2-இன் இரண்டாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி 5: சொந்தக் கேட்வே பதில் தருகிறது, அடுத்த விலேன் தரவில்லை

இப்போதுதான் ரவுட்டிங்கின் பக்கம் வருகிறோம். ‘ஷோ ஐபி ரூட்’ கொடுங்கள். 10, 20, 30 மூன்று சப்நெட்டுகளும் நேரடி இணைப்பு என்ற ‘சி’ குறியோடு தோன்ற வேண்டும். அவற்றுக்குப் பதில் ‘டிஃபால்ட் கேட்வே’ பற்றி ஒரு வரி மட்டும் வந்தால், சுவிட்சில் ரவுட்டிங்கே முடக்கப்பட்டிருக்கிறது. குளோபல் நிலையில் ‘ஐபி ரவுட்டிங்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். இதில் ஒரு பக்க விளைவு உண்டு. ‘ஐபி டிஃபால்ட் கேட்வே’ என்ற கட்டளை ரவுட்டிங் முடக்கப்பட்டிருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். ரவுட்டிங்கை இயக்கிய நொடியில் அது செயலிழந்து, சுவிட்சின் சொந்தப் போக்குவரத்துக்கு வெளிவழி இல்லாமல் போகும். 0.0.0.0-க்கான டிஃபால்ட் ரூட்டை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ரவுட்டிங்கை இயக்குங்கள்.

ரூட் அட்டவணை சரியாக இருந்தால், லேயர் 3 சுவிட்சிலிருந்தே விலேன் 20-இல் உள்ள 192.168.20.40-ஐப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்தப் பிங் எஸ்விஐ 20-இன் முகவரியிலிருந்து, அதாவது அதே சப்நெட்டிலிருந்து புறப்பட்டது. ரவுட்டிங் பற்றி அது எதையும் மெய்ப்பிக்கவில்லை. ‘பிங் 192.168.20.40 சோர்ஸ் விலேன் 10’ என்று மறுபடி கொடுங்கள். முதல் பிங்குக்குப் பதில் வந்து, இரண்டாவதற்கு வரவில்லையென்றால், பெரும்பாலும் பிழை சுவிட்சில் இல்லை. விலேன் 20-இல் உள்ள அந்தக் கணினிக்குத் தன் சப்நெட்டுக்கு வெளியே பதில் அனுப்பத் தெரியவில்லை, அல்லது அனுப்ப விருப்பமில்லை. இந்த ஓர் இணைச் சோதனை எனக்கு மிச்சப்படுத்திய நேரம் வேறெதுவும் மிச்சப்படுத்தியதில்லை.

தெரியவில்லை என்பதற்குக் காரணம், கேட்வே முகவரி இல்லாமையோ தவறாக இருப்பதோ. அச்சுப்பொறிகளிலும் கேமராக்களிலும் இதை அடிக்கடி காணலாம். ஒரே சப்நெட்டாக இருந்த காலத்தில் கேட்வே இல்லாமலேயே அவை வேலை செய்துவந்திருக்கும். மாஸ்க் தவறு இதைவிட நுட்பமானது. 255.255.255.0 இருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 இருந்தால், 192.168.10.1 தன் சப்நெட்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு அந்தக் கணினி கேட்வேயிடம் கொடுக்காமல் தானே ஆர்ப் கேட்கும். சிஸ்கோ எஸ்விஐயில் பிராக்சி ஆர்ப் இயங்கிக்கொண்டிருந்தால் கேட்வே அதற்குப் பதில் சொல்லிப் பிழையை மூடி மறைத்துவிடும். பாதுகாப்புக்காக ஒருநாள் பிராக்சி ஆர்ப்பை நிறுத்தும்போது, ஆண்டுக்கணக்கில் சரியாக இருந்த கணினிகள் திடீரென்று துண்டிக்கப்படுவது இதனால்தான்.

விருப்பமில்லை என்பதற்குக் காரணம் கணினியின் சொந்த ஃபயர்வால். தன் சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை மட்டும் ஏற்று, பிற சப்நெட்டிலிருந்து வருவதை விண்டோஸ் கைவிடுவது வழக்கமான ஒன்று. பிங்கை மட்டும் நம்பாமல், அந்தக் கணினி உண்மையில் வழங்கும் சேவையின் போர்ட்டையும் சோதித்துப் பாருங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் எஸ்விஐயில் ஏசிஎல் (எந்தப் பாக்கெட்டை அனுமதிப்பது, எதை மறுப்பது என்ற விதிப் பட்டியல்) இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே திசைதான் பலரையும் தடுமாற வைக்கிறது. திசையை எப்போதும் ரவுட்டரின் உள்ளே நின்று பார்க்க வேண்டும். விலேன் 10-இன் எஸ்விஐயில் ‘இன்’ என்றால், விலேன் 10-இன் கணினிகளிலிருந்து ரவுட்டருக்குள் வருவது. ‘அவுட்’ என்றால் ரவுட்டரிலிருந்து அந்தக் கணினிகளுக்குப் போவது. எனவே ‘இன்’ திசையில் போட்ட ஏசிஎல்லில் மூல முகவரி 192.168.10 என்றே தொடங்க வேண்டும். மூலமும் இலக்கும் இடம் மாறியிருந்தால் எந்த வரியும் பொருந்தாமல், கண்ணுக்குத் தெரியாத கடைசி வரியான ‘எல்லாவற்றையும் மறு’ என்பது எல்லாவற்றையும் மறுத்துவிடும்.

எஸ்விஐக்குப் பதில் ரவுட்டரின் ஒரே போர்ட்டில் துணை இன்டர்ஃபேஸ்கள் வைத்து ரவுட்டிங் செய்பவர்கள் மூன்றைச் சரிபார்த்தால் போதும்: தாய் இன்டர்ஃபேஸில் ‘நோ ஷட்டவுன்’, ஒவ்வொரு துணை இன்டர்ஃபேஸிலும் ‘என்கேப்சுலேஷன் டாட்1க்யூ’ வரியில் சரியான விலேன் எண், எதிரே உள்ள சுவிட்ச் போர்ட் ட்ரங்காக இருப்பது. துணை இன்டர்ஃபேஸின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எண் வெறும் பெயர்தான். டேக் எண் என்கேப்சுலேஷன் வரியிலிருந்தே வருகிறது.

அறிகுறி 6: நிலையான முகவரி கொடுத்தால் வேலை செய்கிறது, டிஎச்சிபியில் 169.254 வருகிறது

169.254 என்பது சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காத கணினி தானே வைத்துக்கொள்வது. முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபியின் முதல் கேள்வி ஒரு பிராட்காஸ்ட். அது விலேனின் எல்லையைத் தாண்டாது. சர்வர் வேறு விலேனில் இருந்தால், கணினிகள் உள்ள விலேனின் எஸ்விஐயில் ‘ஐபி ஹெல்பர் அட்ரஸ்’ என்று சர்வரின் முகவரியை எழுத வேண்டும். சர்வர் இருக்கும் விலேனின் எஸ்விஐயில் எழுதுவதால் பயனில்லை. எஸ்விஐ அந்தக் கேள்வியை யூனிகாஸ்ட்டாக மாற்றும்போது தன் முகவரியை அதற்குள் பதித்து அனுப்பும். அந்த முகவரியைப் பார்த்துத்தான் எந்தத் தொகுப்பிலிருந்து கொடுப்பது என்று சர்வர் முடிவு செய்கிறது. பதிலையும் அந்த முகவரிக்கே அனுப்புகிறது. ஆகவே 192.168.30.0-க்கு ஒரு தொகுப்பு சர்வரில் இருக்க வேண்டும், 192.168.30.1-க்குத் திரும்பும் வழியும் சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை சரியாக இருந்தும் வராவிட்டால் ஏசிஎல்லைப் பாருங்கள். முகவரி இல்லாத கணினியின் கேள்வி 0.0.0.0-இலிருந்து 255.255.255.255-க்குச் செல்கிறது, 192.168.30 என்று தொடங்கும் மூலத்தை மட்டும் அனுமதிக்கும் ஏசிஎல் அதைக் கொன்றுவிடும். யுடிபி 68-இலிருந்து 67-க்குச் செல்வதை முதல் வரியிலேயே அனுமதியுங்கள். ஆக்சஸ் சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (போலி டிஎச்சிபி சர்வர்களைத் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கினால் மேல்நோக்கிய ட்ரங்க் போர்ட்டை ‘ட்ரஸ்ட்’ என்று குறிக்க வேண்டும், இல்லையேல் சர்வரின் பதிலைச் சுவிட்சே கைவிடும்.

சிறிது நேரம் கழித்துக் கேபிளைப் பிடுங்காமல் மறுபடி கேட்டால் முகவரி கிடைக்கிறது என்றால், பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பானிங் ட்ரீ புதிதாக எழுந்த போர்ட்டைக் கேட்கும் நிலையில் 15 நொடியும், கற்கும் நிலையில் 15 நொடியும் நிறுத்தி வைக்கிறது. அந்த 30 நொடிக்குள் கணினி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுகிறது. கணினிகள் செருகப்படும் ஆக்சஸ் போர்ட்டுகளில் மட்டும், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் ‘ஸ்பானிங் ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்’ கொடுங்கள்.

அறிகுறி 7: விலேன்களுக்கு இடையே எல்லாம் சரி, புதிய விலேனுக்கு மட்டும் இணையம் இல்லை

போகும் வழி இருக்கிறது, திரும்பும் வழி இல்லை. ஃபயர்வாலில் 192.168.30.0-க்கு லேயர் 3 சுவிட்சைக் காட்டும் ரூட் வேண்டும். முகவரி மாற்றும் விதியிலும், அனுமதி விதியிலும் அந்தச் சப்நெட் இடம்பெற வேண்டும். பழைய விலேன்களுக்கு ஒருமுறை எழுதப்பட்ட இந்த மூன்று வரிகளும் நினைவில் இருப்பதில்லை.

அறிகுறி 8: பிங் போகிறது, கோப்பு நகரவில்லை

டேக் சேர்வதால் 1518 பைட்டாக இருந்த மிகப் பெரிய ஃபிரேம் 1522 ஆகிறது. வழியில் டேக்கை அறியாத பழைய கருவி ஒன்று இருந்தால் சிறிய ஃபிரேம்களைக் கடத்திவிட்டுப் பெரியவற்றைக் கைவிடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அளவில் பிங் செய்யுங்கள். தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போகாமல் 1468 மட்டும் போனால், அந்த 4 பைட்டைச் சுமக்க முடியாத கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பெரிய பிங்கும் போகிறது, ஆனால் டிசிபி இணைப்பு மட்டும் தொடங்கிய உடனே உறைகிறது என்றால், சர்வருக்கு இரண்டு விலேனிலும் கால் இருக்கிறதா என்று பாருங்கள். கேள்வி ஃபயர்வால் வழியாகப் போய், பதில் சர்வரின் இன்னொரு நெட்வொர்க் கார்டு வழியாக நேராகத் திரும்பினால், இணைப்பின் பாதியை மட்டும் காணும் ஃபயர்வால் அடுத்த பாக்கெட்டை மறுக்கிறது. பிங்குக்கு அத்தகைய கட்டுப்பாடு குறைவு என்பதால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி 9: சுவிட்சை மாற்றிய பிறகு எல்லா விலேன்களும் காணவில்லை

பழுதான சுவிட்சின் கட்டமைப்பைப் புதியதில் வரிக்கு வரி ஒட்டிய பிறகும் விலேன்கள் இல்லையென்றால், அவை அந்தக் கட்டமைப்பில் இல்லவே இல்லை என்பதே காரணம். விடிபி சர்வர், கிளையன்ட் நிலைகளில் விலேன் பட்டியல் ஃபிளாஷில் உள்ள ‘விலேன் டாட் டேட்’ என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. டிரான்ஸ்பேரன்ட் நிலையில் அது கட்டமைப்பிலும் எழுதப்படும்.

இதே கோப்பு இன்னும் பெரிய சேதத்தையும் செய்யவல்லது. வேறிடத்தில் பயன்பட்ட சுவிட்ச் ஒன்றைக் கட்டமைப்பை அழித்துவிட்டுக் கொண்டுவந்தாலும் ‘விலேன் டாட் டேட்’ அழிவதில்லை. அதில் விடிபி டொமைன் பெயரும் திருத்த எண்ணும் அப்படியே இருக்கும். டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் பொருந்தி, திருத்த எண் நம்முடையதைவிடப் பெரிதாக இருந்தால், ட்ரங்கில் செருகிய சில நொடிகளில் அதன் விலேன் பட்டியல் நம் எல்லாச் சுவிட்சுகளின் பட்டியலையும் அழித்து இடம்பிடித்துவிடும். விடிபியின் 1, 2 பதிப்புகளில், வந்த சுவிட்ச் கிளையன்ட் நிலையில் இருந்தாலும் இது நடக்கும். புகார் ஒரே நேரத்தில் எல்லா மாடிகளிலிருந்தும் வந்து, ‘ஷோ விலேன் பிரீஃப்’ பட்டியலில் அறியாத பெயர்கள் இருந்தால் காரணம் இதுதான். முதலில் புதிதாக வந்த சுவிட்சின் கேபிளைப் பிடுங்குங்கள். பிறகு ஒரு விடிபி சர்வரில் விலேன்களை அதே எண்களோடு மறுபடி உருவாக்குங்கள். செயலற்றுப் போன ஆக்சஸ் போர்ட்டுகள் தம் விலேன் எண்ணை மறப்பதில்லை என்பதால், விலேன் திரும்பியதும் அவையும் திரும்பிவிடும். பிடுங்கி வைத்த சுவிட்சில் ‘விலேன் டாட் டேட்’ கோப்பை நீக்கி மறுதொடக்கம் செய்து, ‘ஷோ விடிபி ஸ்டேட்டஸ்’ விடையில் திருத்த எண் 0 என்று கண்ணால் பார்த்த பிறகே அதை மீண்டும் ட்ரங்கில் செருகுங்கள்.